மணி ஐயர் போட்ட கையெழுத்து

எங்க அப்பா மதுரையில ஒரு வக்கீல்கிட்ட 38 வருஷம் குமாஸ்தாவா இருந்தவர். கேஸ் கட்டை மஞ்சப் பையில சுமந்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போறது, வாய்தா தேதியை டைரில குறிக்கிறது, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு வாங்கி ஒட்டுறது, நகல் மனு போட்டுட்டு அந்த செக்‌ஷன் வாசல்ல மணிக்கணக்கா நிக்கிறதுன்னு அவரோட வாழ்க்கையே அந்த வளாகத்துக்குள்ளதான் போச்சு. நான் சென்னையில வக்கீலா என்ரோல் ஆன அன்னைக்கு சாயங்காலம் போன்ல அவர் சொன்னது இவ்வளவுதான்: "வாயால எது வேணா பேசிக்கப்பா, அது காத்துல போயிரும். கையெழுத்து மட்டும் நாலு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடு. பேப்பர் எங்கயும் போகாது."

அந்தப் புத்திமதியை நான் அளவுக்கு மீறியே கடைப்பிடிச்சேன். பத்து வருஷம் இருக்கும், காவல்ல இருந்த ஒரு ஆளை வக்கீல் பாக்க விடலன்னு கூட இருந்த ஜூனியர்கள் எல்லாம் சேந்து ஒரு மனு தயார் பண்ணாங்க, மொத்தம் ரெண்டு பக்கம், ஒரு வார்த்தை கூட மிகை கிடையாது, எல்லாமே உண்மை. என்கிட்ட கொண்டு வந்து நீட்டுனப்போ நான் படிச்சேன், நாலு தடவை படிச்சேன், கையெழுத்துப் போடல. அந்த மாசம் அரசு தரப்பு வக்கீல் லிஸ்ட்டுக்கு என் பேர் போயிருந்துச்சு, அதான் காரணம். "கிளையண்ட் வெயிட் பண்றார், அப்புறம் பாக்கலாம்"னு சொல்லிட்டு நகந்துட்டேன். லிஸ்ட் வந்துச்சு, அதுல என் பேரும் இருந்துச்சு, ஆனா அந்தப் பேப்பரை நீட்டுன பையனோட முகம் இன்னைக்கு வரைக்கும் எனக்கு மறக்கல.

இதை இங்க எழுதக் காரணம், போன வருஷம் நான் படிச்ச ஒரு கடிதம், மணி ஐயர்னு ஒரு பழைய நீதிபதி எழுதுனது. அதைப் படிச்சதுல இருந்து இந்தக் கையெழுத்து விஷயம் மறுபடி உள்ளுக்குள்ள அறுத்துக்கிட்டே இருக்கு.

அதை எழுதுனவர்கிட்ட என்னைக் கொண்டு போனது ஒரு மடத்து சொத்து கேஸ். மடாதிபதி அந்த சொத்துக்கு வெறும் டிரஸ்டியா, இல்ல அதுக்கு மேல அவருக்கு உரிமை ஏதாவது இருக்காங்கிற கேள்வி. இந்தக் கேள்வி எங்க வந்தாலும் 1904-ல மெட்ராஸ் ஹைகோர்ட் கொடுத்த வித்யாபூர்ண தீர்த்த சுவாமி கேஸ் தீர்ப்புக்குப் போய்த்தான் ஆகணும், 1954-ல சுப்ரீம் கோர்ட்ல வந்த ஷிரூர் மடம் கேஸ் வரைக்கும் அதோட நிழல் விழுந்திருக்கு. சட்டத்தை விட அந்தத் தீர்ப்போட நடைதான் என்னைப் பிடிச்சு உக்கார வெச்சுது. இங்கிலீஷ் டிரஸ்ட் சட்டத்தை அப்படியே தூக்கிட்டு வந்து நம்ம ஊர் மடத்து மேல போத்த முடியாது, இது வேற மாதிரி அமைப்பு, இதுக்குள்ள இருந்துதான் இதைப் புரிஞ்சுக்கணும்னு பொறுமையா, யாரையும் மட்டம் தட்டாம சொல்லிக்கிட்டே போறாங்க. பெஞ்ச்ல யாருன்னு பாத்தா ரெண்டு பேர், பாஷ்யம் ஐயங்கார், சுப்ரமணிய ஐயர்.

பாஷ்யம் ஐயங்காரை ஹைகோர்ட்ல யாருக்கும் சொல்ல வேண்டாம், வாசல்லயே சிலை இருக்கு. உள்ள வந்தா முத்துசாமி ஐயர், மெட்ராஸ் ஹைகோர்ட்டோட முதல் இந்திய நீதிபதி, வெள்ளைப் பளிங்குல வெறுங்காலோட உக்காந்திருப்பார், கேஸுக்கு வர்ற ஜனங்கள்ல சில பேர் அவரைக் கும்பிட்டுட்டுப் போறதையும் பாத்திருக்கேன். இந்த சுப்ரமணிய ஐயர் யாரு? இந்து பத்திரிகையும் சுதேசமித்திரனும் ஆரம்பிச்ச ஜி. சுப்ரமணிய ஐயரா? இல்ல. அவர் வேற, இவர் வேற. ஒரே காலம், ஒரே ஊர், 1885-ல பம்பாயில நடந்த முதல் காங்கிரஸ்ல ரெண்டு பேருமே இருந்தாங்க, அதனால இவரைப் பத்தி வர்ற பாதி தகவல் அவர் கணக்குல போயிருது, அவரோடது இவர் கணக்குல வந்துருது. இவர் எஸ். சுப்ரமணிய ஐயர். அந்தக் காலத்துல எல்லாரும் மணி ஐயர்னு கூப்பிட்டிருக்காங்க. எங்க ஊர்க்காரர், மதுரை. மதுரை கோர்ட் வராண்டாவுல வளந்த எனக்கு இது தெரியவே தெரியாது.

1842 அக்டோபர் 1-ல பொறந்தவர். அப்பா சூறாவளி சுப்பையர், ராமநாதபுரம் ஜமீனோட கோர்ட் வேலைகளைப் பாத்தவர். பையனுக்கு ரெண்டு வயசா இருக்கும்போதே அந்த அப்பா தவறிட்டார். படிப்பெல்லாம் மதுரையிலதான், அப்புறம் நேரா சர்க்கார் ஆபீஸ்ல குமாஸ்தா வேலை. வேலை பாத்துக்கிட்டே ஒவ்வொரு பரீட்சையா எழுதி 1868-ல பி.எல். முடிச்சு, அடுத்த வருஷம் மதுரையிலயே வக்கீலா உக்காந்துட்டார். குமாஸ்தா நாற்காலியில இருந்து வக்கீல் நாற்காலிக்கு நகர்றது எவ்வளவு தூரம்னு குமாஸ்தா வீட்டுப் பையன் எனக்குத் தெரியும், எங்க வீட்டுல அதைக் கடக்க ஒரு தலைமுறை ஆச்சு.

மதுரையில அவர் இருந்த 15, 16 வருஷத்துல முனிசிபாலிட்டி கமிஷனரா இருந்திருக்கார், ஊர்ப் பொது விஷயம் எதுன்னாலும் கூப்பிடுற ஆளா ஆயிட்டார். 1875-ல வேல்ஸ் இளவரசர், பின்னாடி ஏழாம் எட்வர்டா ஆனவர், இந்தியா சுத்தி வந்தப்போ மதுரைக்கும் வந்தார். ஊர் சார்பா வரவேற்பு பத்திரம் வாசிச்சது நம்ம மணி ஐயர், வயசு 33. அதுக்கு அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். இன்னைக்கும் எங்க பக்கம் வயசானவங்க வாயில தாது வருஷம்னு வார்த்தை வரும், அதுல செத்தவங்க எண்ணிக்கை லட்சக் கணக்குல. பஞ்சத்தை விசாரிச்ச கமிஷன் முன்னாடி சாட்சி சொன்னவங்கள்ல இவரும் ஒருத்தர். வரவேற்பு பத்திரமும் பஞ்ச சாட்சியமும் ரெண்டு மூணு வருஷ இடைவெளியில ஒரே மனுஷன் வாயில இருந்து வந்திருக்கு. இந்த ரெண்டு பக்கமும் அவருக்குள்ள கடைசி வரைக்கும் இருந்ததாத்தான் நான் நினைக்கிறேன்.

1884-ல மெட்ராஸ் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினர். அதே வருஷம் மனைவி இறந்துட்டாங்க. அடுத்த வருஷம் மதுரையை விட்டு மெட்ராஸ் வந்துட்டார். அந்த வருஷக் கடைசியிலதான் முதல் காங்கிரஸ், பம்பாயில கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருத காலேஜ்ல 72 பிரதிநிதிங்க கூடுனது. அதுக்கப்புறம் ஏறுமுகம்தான், அதை வேகமா சொல்லிடுறேன். 1888-ல கவர்மெண்ட் பிளீடர், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1891-ல தற்காலிக நீதிபதி, 1895-ல முத்துசாமி ஐயர் இறந்ததும் அந்த இடத்துக்கு நிரந்தரமா இவர். 1899, 1903, 1906-னு மூணு தடவை தற்காலிக தலைமை நீதிபதி. 1900-ல கே.சி.ஐ.இ., அதாவது சர் பட்டம். திவான் பகதூர் பட்டமும் இருந்துச்சு. 1904-ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி துணைவேந்தர், அதுலயும் முதல் இந்தியர். 1907-ல உடம்பு ஒத்துழைக்காம ரிட்டயர்மெண்ட்.

இதோட கதை முடிஞ்சிருந்தா நான் இதை எழுதவே மாட்டேன். ஒரு வெற்றிகரமான மயிலாப்பூர் பெரிய மனுஷர், அவ்வளவுதான். அப்போ மெட்ராஸ்ல மயிலாப்பூர் கோஷ்டி, எழும்பூர் கோஷ்டின்னு வக்கீல்கள் நடுவுல ரெண்டு அணி உண்டு, மயிலாப்பூர் பக்கத்துல பெரிய தலைகள்ல இவரும் ஒண்ணு. கவர்மெண்ட்டோட பேசிப் பேசி காரியம் சாதிக்கிறவங்கன்னு பேர் வாங்குனவங்க. பென்ஷன், பட்டம், அடையார் பிரம்மஞான சபையில தியானம், படிப்புன்னு மீதி நாளைக் கழிச்சிருந்தா யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க முடியாது. சபைக்கு துணைத் தலைவராவும் நாலு வருஷம் இருந்தார். இதெல்லாம் நடக்கும்போது வயசு எழுபதை நெருங்கியாச்சு.

அங்கதான் அன்னி பெசன்ட் வர்றாங்க. பிரம்மஞான சபைத் தலைவர், நியூ இந்தியான்னு நாளிதழ் நடத்துனவங்க. ஒரு சின்ன ஆச்சரியம், ரெண்டு பேருக்கும் பொறந்த நாள் ஒண்ணுதான், அக்டோபர் 1, அந்தம்மா அஞ்சு வருஷம் இளையவங்க. 1916 செப்டம்பர்ல மெட்ராஸ்ல ஹோம் ரூல் லீக் ஆரம்பிச்சாங்க, தன்னாட்சி வேணும், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ளயே இருக்கட்டும் ஆனா எங்களை நாங்களே ஆளணும்ங்கிறதுதான் கோரிக்கை. அதுக்கு கௌரவத் தலைவர் மணி ஐயர். கவர்மெண்ட் முதல்ல நியூ இந்தியா கழுத்தைப் பிடிச்சுது, 2,000 ரூபாய் ஜாமீன் தொகை கட்டச் சொல்லி, அதைப் பறிமுதல் பண்ணி, அடுத்து 10,000 ரூபாய் கட்டச் சொல்லி. 1917 மே மாசம் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு சட்டசபையிலயே சொன்னார், சீக்கிரமா சுயாட்சி கிடைக்கும்ங்கிற நினைப்பையே மனசுல இருந்து எடுத்துருங்கன்னு. ஜூன் 16-ல பெசன்ட், அவங்க கூட வேலை பாத்த அருண்டேல், வாடியா மூணு பேருக்கும் இன்டர்ன்மெண்ட் ஆர்டர். குற்றப்பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. யுத்த காலத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டம், அதுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், ஊட்டிக்குக் கொண்டு போய் வெச்சுட்டாங்க.

இந்த இடத்துல ஒரு முன்னாள் நீதிபதி மனசு எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். பன்னெண்டு வருஷத்துக்கு மேல அந்த நாற்காலியில உக்காந்து, கீழ்க்கோர்ட் ஒரு சாட்சியை சரியா விசாரிக்கலன்னா கூட தீர்ப்பையே திருப்பி அனுப்புன கை அது. இப்ப கண்ணு முன்னாடி, தன் கூட மேடையில நின்ன ஒரு வயசான பெண்மணியை எந்தக் கோர்ட்டும் எட்டிப் பாக்க முடியாத ஒரு ஆர்டர்ல தூக்கிட்டுப் போறாங்க. எங்க அப்பீல் போடுறது?  இருந்த கதவு எல்லாம் சாத்தியாச்சு. அந்த ஆர்டர் வந்து எட்டாவது நாள், 1917 ஜூன் 24, அவர் ஒரு கடிதம் எழுதுறார். யாருக்கு? அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு.

வில்சன் அந்த வருஷம் ஏப்ரல்லதான் யுத்தத்துல இறங்குறோம்னு அறிவிச்சு, உலகத்தை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமா ஆக்கணும்னு பேசியிருந்தார். மணி ஐயர் அந்தப் பேச்சைப் பிடிச்சுக்கிட்டார். எதிராளியோட வாயில இருந்து வந்த வார்த்தையை வெச்சே கேஸ் கட்டுறது நல்ல வக்கீலுக்கு அழகு. நீங்க சொன்ன அந்த லட்சியத்தை வெளிப்படையா விரும்புறோம்னு சொல்லக் கூட எங்களுக்கு அனுமதி இல்ல, நாங்க சங்கிலியில கிடக்குற தேசம்னு ஆரம்பிக்கிறார். அந்நிய அதிகாரிகள் அந்நிய பாஷையில எங்க மேல அவங்க இஷ்டத்தைத் திணிக்கிறாங்க, அவங்களுக்கு அவங்களே பெரிய சம்பளம் போட்டுக்கிறாங்க, எங்களுக்குக் கல்வியை மறுக்கிறாங்க, எங்க செல்வத்தை உறிஞ்சுறாங்க, எங்க சம்மதம் இல்லாம வரி போடுறாங்க, நாட்டுப்பற்றா பேசுனவங்களை ஆயிரக்கணக்குல ஜெயில்ல போடுறாங்க, அந்த ஜெயில்கள் எவ்வளவு அசுத்தம்னா உள்ள போனவங்க நோய் வந்து செத்துப் போறாங்க, இப்படி வரி வரியா. நான் தமிழ்ல சாரத்தைத்தான் சொல்றேன், மூலத்துல இதை விடக் காரம்.

தீர்ப்பு எழுதுன கையில இந்த மொழி எப்படி வந்துச்சுன்னு முதல்ல எனக்குப் புரியல. 1904 தீர்ப்புல இருந்த அந்த நிதானம் எங்க போச்சு? அப்புறம் தோணுச்சு, இது தீர்ப்பு இல்ல, பிராது. ஜட்ஜா இருக்குற வரைக்கும் ரெண்டு தரப்பையும் எடை போடணும். பாதிக்கப்பட்டவனா படியேறும்போது எடை போட வேண்டிய வேலை கேக்குறவனோடது. அவர் நாற்காலியை விட்டு இறங்கி கூண்டு பக்கம் வந்து நின்னுட்டார்.

என்னை ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சது அந்தக் கடிதத்தோட அடி. கையெழுத்து. பேருக்குக் கீழ தன்னோட பட்டங்களையும் பதவிகளையும் ஒண்ணொண்ணா அடுக்குறார்: இந்திய சாம்ராஜ்யத்தோட நைட் கமாண்டர், சட்ட டாக்டர், இந்தியாவுல ஹோம் ரூல் லீக்கோட கௌரவத் தலைவர், 1885-ல இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்குனவங்கள்ல ஒருத்தர், ஓய்வு பெற்ற நீதிபதி, மெட்ராஸ் ஹைகோர்ட்ல பல தடவை தலைமை நீதிபதி பொறுப்பு வகிச்சவர். எந்த சாம்ராஜ்யத்து மேல பிராது கொடுக்குறாரோ அந்த சாம்ராஜ்யம் கொடுத்த பட்டத்தை முதல் வரியில வெக்கிறார். இதைப் பெருமைன்னு நினைச்சீங்கன்னா தப்பு. கோர்ட்ல ஒரு சாட்சி கூண்டு ஏறுனா முதல்ல கேக்குறது நீ யாரு, உனக்கு இது எப்படித் தெரியும்னுதான். இவர் சொல்றது, நான் வெளியில நின்னு கல்லெறியுறவன் இல்ல, இந்த வீட்டுக்குள்ளயே உச்சி வரைக்கும் ஏறிப் பாத்தவன், உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்னு. அதோட இன்னொண்ணும் இருக்கு. பேர் மறைச்சு எழுதியிருக்கலாம், லீக் பேர்ல பொதுவா அனுப்பியிருக்கலாம். இவர் எதெல்லாம் பறிபோகுமோ அது அத்தனையையும் பட்டியல் போட்டு, அதுக்கு நேரா கையெழுத்துப் போட்டிருக்கார். எங்க அப்பா சொன்ன மாதிரி பேப்பர் எங்கயும் போகாதுன்னு அவருக்கும் தெரியும். வயசு 75-ஐத் தொட இன்னும் மூணு மாசம்.

தபால்ல போட்டா சென்சார்ல நிக்கும். அதனால ஹாட்ச்னர்னு ஒரு அமெரிக்க தம்பதி, பிரம்மஞான சபைக்காரங்க, கையில எடுத்துட்டுப் போய் அமெரிக்காவுல சேத்தாங்க. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல்ல திரிஞ்ச காலம். அங்க அது அச்சாகி வெளிய வந்துருச்சு.

அதுல எனக்கு ஒத்துக்க முடியாத ஒரு இடமும் உண்டு, மறைக்காம சொல்லணும். தன்னாட்சிக்கு உடனே வாக்குறுதி கொடுத்தா மூணே மாசத்துல இந்தியா 50 லட்சம் பேரை யுத்த முனைக்கு அனுப்பும், அடுத்த மூணு மாசத்துல இன்னும் 50 லட்சம்னு எழுதுறார். அந்த ஒரு கோடி பேர் யாரு? மயிலாப்பூர் லஸ் பக்கம் இருந்தவங்க வீட்டுப் பிள்ளைங்களா போயிருப்பாங்க? ராமநாதபுரத்து, திருநெல்வேலி, பஞ்சாப் கிராமத்துப் பசங்க. அவங்களைக் கேக்காம அவங்க உயிரைப் பேரத்துல வெக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பேரம் பேசுறதுல பழகுன கை, அந்த ஒரு இடத்துல அளவு தெரியாம நீண்டுருச்சுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அதே மாதிரி, அந்த ஹோம் ரூலை சந்தேகத்தோட பாத்தவங்க வெள்ளைக்காரங்க மட்டும் இல்ல. 1916 நவம்பர்ல தென்னிந்திய நல உரிமைச் சங்கம், நாம ஜஸ்டிஸ் கட்சின்னு சொல்றது, பிட்டி தியாகராயரும் டி.எம். நாயரும் சேந்து ஆரம்பிச்சது. டிசம்பர்ல பிராமணரல்லாதார் அறிக்கை வந்துச்சு. நீதிமன்றம், சர்க்கார் உத்தியோகம், யூனிவர்சிட்டி எல்லாத்துலயும் ஒரே சாதி நிறைஞ்சு கிடக்கும்போது நீங்க கேக்குற சுயாட்சி யாரோட ஆட்சியா இருக்கும்ங்கிற கேள்வி. நியாயமான கேள்வி. மணி ஐயர் ஏறி வந்த ஏணி, திறமையும் உழைப்பும் இருந்த எல்லாருக்கும் சாஞ்சு நிக்கல, அது உண்மை. எங்க அப்பா மாதிரி ஆட்கள் நூறு வருஷம் கழிச்சும் அதுல முதல் படியிலதான் நின்னாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் நான் அவரை மதிக்கிறேன்.

கடிதத்துக்கு அப்புறம் காலம் வேகமா ஓடுச்சு. 1917 ஆகஸ்ட் 20-ல இந்தியா மந்திரி மாண்டேகு, இந்தியாவுக்குப் படிப்படியா பொறுப்பாட்சி கொடுக்கிறதுதான் எங்க கொள்கைன்னு லண்டன் பார்லிமெண்ட்ல அறிவிச்சார். செப்டம்பர்ல பெசன்ட் விடுதலை, டிசம்பர்ல அவங்களே கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைவர். அதே டிசம்பர்ல மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டும் மெட்ராஸுக்கு வந்து பல தரப்பையும் சந்திச்சாங்க, மணி ஐயரும் போனார்.

அந்த சந்திப்பைப் பத்தி அவரே பின்னாடி அறிக்கையா வெளியிட்டார். சீர்திருத்தம் பத்திப் பேசப் போன மனுஷனை, போய் உக்காந்த உடனே வைஸ்ராய் சூடான குரல்ல வில்சன் கடிதத்தைப் பத்தித்தான் பிடிச்சிருக்கார். 75 வயசு. நீதிபதியா இருந்தவரை ஒரு அறைக்குள்ள வெச்சு ஸ்கூல் பையன் மாதிரி அதட்டுறது. நான் இதைப் படிச்சப்போ எங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. ஒரு தடவை ஒரு கேஸ் கட்டு மாறிப் போனதுக்கு, அது அவர் தப்பே இல்ல, கோர்ட் ஹால் வாசல்ல அத்தனை பேர் முன்னாடி அவரை ஒருத்தர் திட்டுனார். அப்பா தலை குனிஞ்சு நின்னு "சரிங்கய்யா, சரிங்கய்யா"ன்னார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூட கழட்டாம திண்ணையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். எனக்கு அப்போ 11 வயசு.

மணி ஐயர் தலை குனியல. 1918-ல இந்தக் கடிதம் லண்டன் பார்லிமெண்ட்ல கேள்வியா வந்துச்சு, மாண்டேகு அதை வெக்கக்கேடானதுன்னு சொன்னார், ஆனா எழுதுனவரோட வயசையும் பழைய சேவையையும் மனசுல வெச்சு மேல நடவடிக்கை எதுவும் வேண்டாம்ங்கிற மாதிரி பேசி முடிச்சார். மன்னிப்பு மாதிரி ஒரு அவமானம். வயசான கிழவன், போகட்டும் விடுங்கன்னு. இந்தப் பேச்சுக்கு அவர் பதில் சொன்னார். மெட்ராஸ் கவர்மெண்ட் தலைமைச் செயலாளருக்கு எழுதுனார், கே.சி.ஐ.இ. பட்டமும் வேண்டாம், திவான் பகதூரும் வேண்டாம், இனி நான் இதைப் போட்டுக்க மாட்டேன்னு. அதுக்கான பதக்கத்தையும் சனதுப் பத்திரத்தையும் திருப்பி அனுப்பிட்டார்.

தாகூர் சர் பட்டத்தைத் துறந்தது 1919 மே 31-ல, ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு அப்புறம், அது நம்ம பாடப் புத்தகத்துல இருக்கு, இருக்கவும் வேண்டியதுதான். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே மெட்ராஸ்ல ஒருத்தர் இதைச் செஞ்சிருக்கார், அவரோட சொந்த ஊர்ல படிச்ச எனக்கு எந்த வகுப்புலயும் யாரும் இதைச் சொல்லித் தரல.

அந்த சனதுங்கிற வார்த்தையை நான் ரொம்ப யோசிச்சேன். வக்கீல் தொழில் நடத்த அந்தக் காலத்துல கொடுத்த அனுமதிப் பத்திரத்துக்கும் சனதுன்னுதான் பேர், எங்க அப்பா தலைமுறை குமாஸ்தாக்கள் "அவர் சனது வாங்குன வருஷம்"னுதான் ஒரு வக்கீலோட சீனியாரிட்டியைக் கணக்குப் போடுவாங்க. ஒரு சனதுக்காக பரீட்சை மேல பரீட்சை எழுதுன குமாஸ்தாப் பையன், ஐம்பது வருஷம் கழிச்சு இன்னொரு சனதைக் கவர்ல போட்டு அனுப்புறார். அந்தக் கவரை ஒட்டுன நிமிஷத்துல வீட்டுல யாராவது தடுத்திருப்பாங்களா? "இந்த வயசுல எதுக்குப்பா"ன்னு பிள்ளைங்க யாராவது கேட்டிருப்பாங்களா? எங்க வீடா இருந்தா கேட்டிருப்போம்.

1924 டிசம்பர் 5-ல காலமானார், 82 வயசு.

இதையெல்லாம் படிச்சு முடிச்ச வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் பீச் ரோடு பக்கம் போனேன். செனட் ஹவுஸ், சிஸம்ங்கிற ஆர்க்கிடெக்ட் 1870-கள்ல கட்டுனது, வெயில்ல அந்த செங்கல் சிவப்பும் குவிமாடமும் அவ்வளவு அழகா நிக்கும். அந்த யூனிவர்சிட்டி வளாகத்துல விக்டோரியா மகாராணிக்கு ஒரு சிலை இருக்கு, அதே வளாகத்துல மணி ஐயருக்கும் ஒரு சிலை இருக்கு. எத்தனை தடவை அந்த வழியா பஸ்ல போயிருக்கேன், யாரோ ஒரு பழைய பெரியவர்னு கூட திரும்பிப் பாத்ததில்ல. கொஞ்ச நேரம் நின்னேன். ரெண்டு காலேஜ் பசங்க நிழலுக்காக அந்தப் பக்கம் வந்தாங்க, ஒருத்தன் என்னைப் பாத்து "யாருங்க சார் இவரு"ன்னு கேட்டான். சொன்னேன், வேகமா சொல்லி முடிக்கலாம்னு ஆரம்பிச்சது பத்து நிமிஷம் ஆயிருச்சு, அவங்க நின்னு கேட்டாங்க.

இன்னைக்கும் புத்தகங்கள்லயும் பேச்சுலயும் அவரை சர் எஸ். சுப்ரமணிய ஐயர்னுதான் போடுறாங்க. மரியாதைக்காகத்தான் போடுறாங்க, புரியுது. ஆனா அவர் திருப்பிக் கொடுத்த ஒண்ணை மறுபடி அவர் பேர்ல நாம மாட்டி விடுறது எனக்கு உறுத்துது. தயவுசெஞ்சு அதை எடுத்துருங்க. மணி ஐயர்னு சொல்லுங்க, இல்ல எஸ். சுப்ரமணிய ஐயர்னு சொல்லுங்க.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணி முழுக் கதையையும் சொன்னேன். இப்ப அவருக்கு 81, காது கொஞ்சம் மந்தம், ஆனா கோர்ட் சமாச்சாரம்னா எல்லாம் கேக்கும். நடுவுல ஒரு வார்த்தை பேசல. முடிச்சதும் முதல் கேள்வி, "நம்ம ஊரு கோர்ட்டுலயா இருந்தாரு?" ஆமான்னேன். "குமாஸ்தாவா இருந்தவரா?" அதுக்கும் ஆமான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன்.

அப்புறம் கேட்டார், "அந்தப் பசங்க மனு கொண்டாந்தாங்கன்னு ஒரு தடவை சொன்னியே, அதுல என்னதான்ப்பா எழுதியிருந்துச்சு?"

நான் அவர்கிட்ட அதைப் பத்தி ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன், அதுவும் பத்து வருஷம் முன்னாடி. அந்த ரெண்டு பக்கத்துல இருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம். முதல் வரியில இருந்து சொல்ல ஆரம்பிச்சேன்.